ஓர் இலக்கத்துக்கு அஞ்சி வாழ்வதா?

மீள்குடியேறிய எமது கிராமங்களிலும், இன்னமும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் உறவினர் வளவுகளில் கொட்டில் போட்டு வாழும் குடும்பங்களிடையேயும், அண்மைக் காலமாக ஒரு புதுப் பயம் பரவி வருவதை அவதானிக்கின்றோம். பட்டணத்திலுள்ள தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் குருதியைக் கொடுத்து, மறுநாள் கையில் கிடைக்கும் கடதாசித் துண்டில் ஓர் இலக்கம் தடித்த எழுத்தில் இருக்கின்றது. "கொலஸ்திரோல் கூடிப்போச்சு" என்ற செய்தி அன்று மாலைக்குள் ஒழுங்கை முழுவதும் தெரிந்துவிடுகின்றது. அடுத்த நாள் முதல் அந்த வீட்டில் சொதி இல்லை, சம்பல் இல்லை, கோழி இட்ட முட்டை கடைக்குப் போகின்றது. அதற்குப் பதிலாக, "கொலஸ்திரோல் அற்றது" என்று பெரிதாக அச்சிட்ட போத்தல் எண்ணெய், கூலி வேலைக்குப் போய்வந்த காசில் வாங்கப்படுகின்றது.

இந்தப் பயம் எவ்வளவு தூரம் நியாயமானது? ஒரு மனிதனுடைய சுகத்தையும் ஆயுளையும் தீர்மானிப்பதில் அந்த இலக்கத்துக்கு எவ்வளவு பங்கு உண்டு? சிலர் அதனையே எல்லாம் என்கின்றனர். வேறு சிலர், இது மருந்துக் கம்பனிகள் கட்டிவிட்ட கதை என்று சொல்லி, வைத்தியர் தந்த குளிசைகளையும் குப்பையிற் போடச் சொல்கின்றனர். இரண்டு பேச்சும் எமது மக்களுக்குத் தீமையே செய்கின்றன என்பது எமது கருத்து. அதற்கான காரணங்களை வாசகர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முட்டையும் முயலும்

கொலஸ்திரோல் என்பது நஞ்சல்ல. எமது உடலின் ஒவ்வொரு கலத்தின் மென்சவ்விலும் அது உண்டு. பித்தநீரும், சில ஓமோன்களும், வெயில் பட்டுத் தோலில் உண்டாகும் விற்றமின் டியும் அதிலிருந்தே ஆக்கப்படுகின்றன. உடலுக்குத் தேவையானதிற் பெரும் பகுதியை ஈரல் முதலான உறுப்புக்கள் தாமே உற்பத்தி செய்துகொள்கின்றன. நாம் உணவில் அதிகம் உட்கொண்டால், பெரும்பாலானோரின் உடல் தன் உற்பத்தியைக் குறைத்துச் சமன் செய்துகொள்ளும்.

அப்படியானால் முட்டை மேல் இந்தப் பழி எப்படி வந்தது? 1913ஆம் ஆண்டு ரஷ்யாவில் அனிச்கோவ் என்ற ஆய்வாளர் முயல்களுக்குக் கொலஸ்திரோலை ஊட்டி, அவற்றின் நாடிகளிற் கொழுப்புப் படிவதைக் காட்டினார். அது முக்கியமான கண்டுபிடிப்புத்தான். ஆனால் முயல் இலை தழை தின்னும் பிராணி. அதன் உடலுக்குக் கொலஸ்திரோல் பழக்கமில்லாத பண்டம். முயலுக்கு நேர்ந்ததெல்லாம் முட்டை உண்ணும் மனிதனுக்கும் அப்படியே நேரும் என்று கொள்ள முடியாது. உணவிலுள்ள கொலஸ்திரோலை நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்குள் வைத்துக்கொள்ளும்படி நீண்ட காலம் சொல்லிவந்த அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி, 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த எல்லையைக் கைவிட்டது. குருதியிலுள்ள கொலஸ்திரோலைக் கூட்டுவதில் முட்டையை விட நிரம்பிய கொழுப்புக்களே, அதாவது மிருகக் கொழுப்பு, வெண்ணெய் போன்றவற்றில் மிகுந்துள்ள கொழுப்புக்களே, கூடிய பங்கு வகிக்கின்றன.

ஆகவே, பிள்ளைக்கும் கர்ப்பிணித் தாய்க்கும் உடல் மெலிந்த முதியவருக்கும் கிடைக்கக்கூடிய மலிவான நல்ல புரதத்தை, ஒரு பயத்தின் பேரில் வீட்டிலிருந்து வெளியேற்றுவது அறிவுடைமை ஆகாது. நீரிழிவோ இருதய நோயோ உள்ளவர்கள் மட்டும் எத்தனை முட்டை உண்ணலாம் என்பதைத் தமது வைத்தியரிடம் கேட்டு நடப்பது நல்லது.

இலக்கத்துக்கு மதிப்பு உண்டு

இனி மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்ப்போம். அமெரிக்காவில் பிராமிங்காம் என்ற சிறு பட்டணத்தில் 1948ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வொன்று 5,209 ஆண், பெண்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தது. உயர் குருதி அமுக்கம், புகைத்தல், கொலஸ்திரோல் ஆகியன மாரடைப்புக்கு முன்னோடிகள் என்பதை உலகம் தெளிவாக அறிந்தது அந்த ஆய்விலிருந்துதான். கொலஸ்திரோலிலும் வகைகள் உண்டு. எல்.டி.எல். என்ற துணிக்கைகள் கொழுப்பை நாடிச் சுவருக்குள் கொண்டுசேர்க்கின்றன. அந்த இலக்கமே கவனிக்கத்தக்கது. பிறப்பிலேயே எல்.டி.எல். மிக அதிகமாக இருக்கும் பரம்பரை நோயொன்றும் உண்டு. உலகில் ஏறத்தாழ 250 தொடக்கம் 300 பேருக்கு ஒருவரிடம் அது காணப்படுகின்றது. சிகிச்சை இன்றேல் அவர்களில் பலருக்கு இளவயதிலேயே மாரடைப்பு வரும். இந்நோயின் காரணத்தை ஆராய்ந்த பிரவுன், கோல்ட்ஸ்ரீன் ஆகிய இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. கொலஸ்திரோலுக்கும் இருதயத்துக்கும் தொடர்பே இல்லை என்போர் இந்தப் பரம்பரை நோய்க்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

குளிசைகளின் பயனும் பரிசோதிக்கப்பட்டதே. 1994இல் வெளியான ஆய்வொன்றில், சுவீடன், நோர்வே, பின்லாந்து முதலிய வடநாடுகளைச் சேர்ந்த 4,444 நோயாளிகள் பங்குபற்றினர். அனைவரும் ஏற்கெனவே மாரடைப்போ இருதய நெஞ்சுவலியோ வந்தவர்கள். ஒரு பகுதியினருக்குச் சிம்வஸ்ரற்றின் என்ற குளிசையும், மறுபகுதியினருக்கு மருந்தற்ற வெறுங்குளிசையும் கொடுக்கப்பட்டன. ஏறத்தாழ ஐந்தரை ஆண்டுகளில், வெறுங்குளிசை எடுத்தோரில் 100க்கு 12 பேர் இறந்தனர். மருந்து எடுத்தோரில் 100க்கு 8 பேர் இறந்தனர்.

இந்த இரண்டு எண்களையும் விவசாயி ஒருவர் விதைநெல்லைக் கையில் எடுத்துப் பார்ப்பது போலப் பார்க்க வேண்டும். "மரணம் 30 வீதம் குறைந்தது" என்று விளம்பரம் சொல்லலாம், அது பொய்யல்ல. ஆனால் நூறு பேரில் நான்கு பேர் காப்பாற்றப்பட்டனர் என்பதே அதன் பொருள். மருந்து எடுக்காமலும் 88 பேர் உயிரோடிருந்தனர். மருந்து எடுத்தும் 8 பேர் இறந்தனர். நான்கு உயிர் சிறிய தொகை அல்ல. ஒரு தடவை மாரடைப்பு வந்த தகப்பன் அந்தக் குளிசையை நிறுத்தக் கூடாது என்பதற்கு இது போதிய காரணம். ஆனால் இருதய நோயோ, நீரிழிவோ, குருதி அமுக்கமோ, புகைப் பழக்கமோ இல்லாத, வயலில் உழைக்கும் ஒருவர் இலக்கம் சற்றுக் கூடியதற்காகத் தூக்கத்தை இழப்பதற்கு இது காரணமாகாது. ஆபத்துக் குறைந்தவருக்கு அதே குளிசையால் வரும் நன்மையும் குறைவாகவே இருக்கும்.

வயதுக்கு வயது வேறுபாடு

2007ஆம் ஆண்டில் 61 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, ஏறத்தாழ ஒன்பது இலட்சம் பேரின் விபரங்கள் ஆராயப்பட்டன. மொத்தக் கொலஸ்திரோல் டெசிலீற்றருக்கு 39 மில்லிகிராம் அளவுக்குக் குறைவாக இருந்தோரிடையே, 40 தொடக்கம் 49 வயதில் இருதய நாடி நோயால் வரும் மரணம் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்திருந்தது. 50 தொடக்கம் 69 வயதில் அந்தக் குறைவு மூன்றிலொரு பங்கு. 70 தொடக்கம் 89 வயதில் ஆறிலொரு பங்கு மாத்திரமே.

வயது ஏற ஏற அந்த இலக்கம் தனித்துப் பேசும் பேச்சின் வலு குறைகின்றது என்பது இதிலிருந்து தெரிகின்றது. மிக முதியோரைப் பற்றிய சில ஆய்வுகளிற் கொலஸ்திரோல் குறைந்தவர்களே முந்தி இறந்ததும் உண்டு. இதனை எடுத்துக்காட்டி, கொலஸ்திரோல் கூடினால் ஆயுள் கூடும் என்று சிலர் எழுதுகின்றனர். அது அவசரமான முடிவு. நாட்பட்ட நோயும், உடல் மெலிவும், போதிய உணவின்மையுமே முதியவரின் கொலஸ்திரோலைக் கீழே இறக்கக்கூடும். இலை பழுத்ததனால் மரம் நோயுற்றது என்று சொல்ல முடியுமா? மரம் நோயுற்றதனால் இலை பழுத்திருக்கலாம் அல்லவா?

ஆனால் எமது முதியோரைப் பொறுத்த மட்டில் ஒரு பாடம் உறுதியானது. எழுபத்தைந்து வயதுத் தாய் ஒருவர் இலக்கத்துக்குப் பயந்து பாலையும் முட்டையையும் மீனையும் விட்டு, வெறும் சோறும் தேநீருமாக மெலிந்து போவாராயின், அது அவருக்குச் செய்யும் உதவி அல்ல. விழுந்து எலும்பு முறிவதும், சளிக்காய்ச்சலை எதிர்க்கச் சக்தியற்றுப் போவதும் அந்த வயதில் உண்மையான ஆபத்துக்கள்.

கடல் நடுவே ஒரு பாடம்

தேங்காய் பற்றிப் பேசாமல் எம்மவரிடம் கொலஸ்திரோல் பற்றிப் பேச முடியாது. பசுபிக் சமுத்திரத்தில் ரொக்கெலாவு என்ற மூன்று சிறு பவளத் தீவுகள் உண்டு. அங்குள்ள மக்களின் உணவுச் சக்தியிற் பாதிக்கும் மேற்பட்ட பகுதி தேங்காயிலிருந்தே கிடைத்தது. நியூசிலாந்தைச் சேர்ந்த ஆய்வாளர் குழுவொன்று அவர்களைப் பரிசோதித்து 1981இல் முடிவுகளை வெளியிட்டது. தேங்காயைக் குறைவாக உண்ட புக்காபுக்கா என்னும் வேறொரு தீவினரை விட அவர்களின் கொலஸ்திரோல் கூடியிருந்தது. ஆயினும் இருதய நாடி நோய் இரு தீவுகளிலும் அரிதாகவே இருந்தது.

இந்தக் கதையின் அடுத்த பகுதியே எமக்கு இன்னும் முக்கியமானது. 1966இல் ரொக்கெலாவுவைச் சூறாவளி தாக்கிய பின், அத்தீவினர் பலர் நியூசிலாந்தின் பட்டணங்களிற் குடியேற்றப்பட்டனர். அங்கே அவர்கள் உண்ட நிரம்பிய கொழுப்பின் அளவு குறைந்தது. சீனியும் மாப்பொருளும் கூடின. உடல் நிறை ஏறியது, குருதி அமுக்கம் ஏறியது, நீரிழிவு பெருகியது, எல்.டி.எல். அளவும் உயர்ந்தது. தேங்காய் குறைந்தும் சுகம் கெட்டது. ஊரும் தொழிலும் உணவும் ஒருங்கே மாறும்போது உடலும் மாறுகின்றது என்பதை, இடம்பெயர்ந்து வாழும் எமக்கு வேறெவரும் விளக்கத் தேவையில்லை.

எனினும் இதிலிருந்து தேங்காயெண்ணெய் ஓர் அமிர்தம் என்ற முடிவுக்கு ஓடிவிடக் கூடாது. தேங்காயிற் கொலஸ்திரோல் கிடையாது. எந்தத் தாவர எண்ணெயிலும் அது குறிப்பிடத்தக்க அளவில் கிடையாது. போத்தலில் அச்சிடப்பட்டுள்ள வாசகம் புதுமை ஒன்றையும் சொல்லவில்லை. ஆனால் தேங்காயெண்ணெயின் பெரும் பகுதி நிரம்பிய கொழுப்பு. பல பரிசோதனைகளைத் தொகுத்து 2020இல் வெளியான ஆய்வு, சோயா, ஒலிவ் போன்ற எண்ணெய்களுடன் ஒப்பிடுகையில், அது எல்.டி.எல்.ஐ டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் கூட்டுவதாகக் காட்டியது. எனவே நாம் சொல்வது இதுதான்: கீரையிலும் மரக்கறியிலும் சேரும் அளவான தேங்காய்ப்பாலுக்கு அஞ்சவேண்டியதில்லை. கொதித்த எண்ணெயிற் பொரித்த வடையும் ரோல்சும் மிக்சரும் நாளாந்த உணவாவதற்கு அஞ்சவேண்டும். இருதய நோயாளி எண்ணெய் வகையை மாற்றுவதும் அளவைக் குறைப்பதும் பயன் தரும்.

எமக்கு வந்த மாற்றம்

இடம்பெயர்வு எமது அடுப்படியை எப்படி மாற்றியது என்று சிந்திப்போம். சொந்த ஊரில் இருந்தபோது குரக்கனும், சாமையும், ஒடியற் கூழும், வளவுக் கீரையும், குளத்து மீனும் இருந்தன. முகாம் வாழ்வில் நிவாரணமாக அரிசியும், கோதுமை மாவும், பருப்பும், சீனியும், எண்ணெயும் வந்தன. அந்த நிவாரணம் உயிர் காத்தது; அதனை நன்றியுடனேயே நினைக்கின்றோம். ஆனால் பல ஆண்டுகள் அதையே உண்டு வளர்ந்த தலைமுறைக்கு மாவும் சீனியும் ருசியாகிவிட்டன. 2009க்குப் பின் ஊர் திரும்பிய பலருக்கு வயல் இருந்தும் இறைப்பதற்கு வசதி இல்லை; சிலருக்கு வயலே இல்லை. மண்வெட்டி பிடித்த கை சும்மா இருக்கின்றது. காலையில் பாணும் சீனித் தேநீரும், மாலையில் கடைச் சிற்றுண்டியும், குழந்தைக்குச் சோடாவும் வழக்கமாகின்றன.

2004இல் 52 நாடுகளில் ஏறத்தாழ 30,000 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு, முதல் மாரடைப்புக்களில் மிகப் பெரும்பாலானவற்றை ஒன்பது காரணிகளைக் கொண்டு விளக்கலாம் என்று காட்டியது. குருதிக் கொழுப்பின் சீர்கேடு, புகைத்தல், குருதி அமுக்கம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், பழம் மரக்கறி போதியளவு உண்ணாமை, உடலுழைப்பின்மை, மது ஆகியன அவை. கொழுப்பும் புகைத்தலும் முன்னணியில் நின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எஞ்சிய ஏழையும் ஆய்வுகூடக் கடதாசி சொல்லாது. அதே ஆய்வில் இலங்கை உட்படத் தென்னாசியருக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. ஏனைய நாட்டவருக்கு ஏறத்தாழ 59. எமது பிரதேசத்து மக்களை இந்நோய் ஆறு ஆண்டுகள் முந்திப் பிடிக்கின்றது.

இந்த ஒன்பதில் மன அழுத்தமும் ஒன்று என்பதைக் கவனியுங்கள். காணாமற்போன மகனைப் பற்றிய விடை தெரியாத தாயின் நெஞ்சையும், அடைவு வைத்த நகையை மீட்க முடியாத தகப்பனின் நெஞ்சையும் எந்த ஆய்வுகூடம் அளக்கின்றது? புகையிலை பற்றியும் வெளிப்படையாகப் பேசவேண்டும். எமது தோட்டங்கள் பலவற்றில் அதுவே காசுப் பயிர். விளைவிப்பவரே சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, "முட்டை சாப்பிடலாமோ?" என்று எம்மிடம் கேட்பது வேதனை தரும் விடயம். அவர் விட வேண்டியது சுருட்டை.

என்ன செய்யலாம்?

முதலாவது, குருதி அமுக்கத்தை அளந்து பாருங்கள். பாரிசவாதத்துக்கு முதற் காரணம் அதுவே. வலியோ அறிகுறியோ இல்லாமல் இருக்கும். அரச வைத்தியசாலையில் அதனை அளக்கக் காசு கேட்பதில்லை. அதனுடன் சீனியையும் பரிசோதியுங்கள். 35 வயது கடந்தோருக்கு அரசு நடத்தும் சுகவாழ்வு நிலையங்களில் இச்சேவை கிடைக்கும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ நாளும் இடமும் விசாரித்தறியலாம். தனியார் ஆய்வுகூடத்தின் விலைகூடிய பட்டியல் அதற்குப் பின்னரே.

இரண்டாவது, கொலஸ்திரோல் அறிக்கை கையிலிருந்தால் அதனை வைத்தியரிடம் காட்டி மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எனது வயது, அமுக்கம், சீனி, புகைப் பழக்கம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எனது ஆபத்து எவ்வளவு? குளிசை எடுத்தால் எனக்கு என்ன நன்மை, என்ன தீமை? குளிசைக்கு முன்னர் நான் மாற்றக்கூடியது எது? இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. நோயாளியின் உரிமை.

மூன்றாவது, மாரடைப்போ பாரிசவாதமோ வந்தவர்களும், நீரிழிவு உள்ளவர்களும், தமக்குக் கொடுக்கப்பட்ட குளிசையை வைத்தியரைக் கேளாமல் நிறுத்தவேண்டாம். 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பலர் நிறுத்தினர், பின்னர் தொடங்கவில்லை. அவர்கள் மீண்டும் கிளினிக்குக்குப் போகவேண்டும். இளவயதில் மாரடைப்பால் இறந்தோர் உள்ள குடும்பத்தினர், வயது குறைவென்று எண்ணாமல் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு அந்த இலக்கம் உண்மையிலேயே உயிர்காக்கும் செய்தியாகலாம்.

நான்காவது, போத்தல் எண்ணெய்க்குச் செலவாகும் காசிற் கொஞ்சத்தைக் கொண்டு வளவில் கீரைப் பாத்தி ஒன்றும், முருங்கைக் கம்பு நாலும், பப்பாசிக் கன்று இரண்டும் வையுங்கள். உப்பையும் கருவாட்டையும் குறையுங்கள். நாளொன்றுக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி, போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பிள்ளைகளின் தேநீரில் சீனியைச் சிறுகச் சிறுகக் குறையுங்கள்.

இவை குடும்பங்கள் செய்யக்கூடியவை. குடும்பத்தால் மட்டும் செய்யமுடியாதவையும் உண்டு. ஒரு நாள் மருத்துவ முகாம் நடத்தி, குருதி எடுத்து, இலக்கத்தைக் கையிற் கொடுத்துவிட்டுப் போகும் நிறுவனங்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகின்றோம். விளக்கமும் தொடர் கவனிப்பும் இல்லாத பரிசோதனை, மக்களுக்குப் பயத்தை மட்டுமே விட்டுச் செல்கின்றது. அடுத்த மாதம் திரும்பி வரமுடியாவிட்டால், முகாமின் செலவிற் பாதியைக் கிராமத்து வைத்தியசாலைக்குச் செல்லும் பேருந்து வசதிக்கோ, ஒரு குருதி அமுக்கக் கருவிக்கோ கொடுப்பது மேல்.

அதிகாரிகளுக்கும் ஒன்று சொல்வோம். உழவனுக்குக் காணியும் நீரும் திரும்பக் கிடைப்பது பொருளாதார விடயம் மட்டுமல்ல. அது சுகாதார விடயமுமாகும். காணி கிடைத்தவன் குனிந்து நிமிர்கின்றான், கீரை உண்கின்றான், கடன் குறைந்து இரவில் உறங்குகின்றான். மேலே சொன்ன ஒன்பது காரணிகளிற் பலவற்றை அந்த ஒரு துண்டு நிலம் ஒரே நேரத்தில் தொடுகின்றது. அந்த வேலையைச் செய்யக்கூடிய குளிசை எந்த மருந்துக் கடையிலும் இல்லை.

கொலஸ்திரோல் அறிக்கையைக் கிழித்தெறிய வேண்டாம். அதற்கு முன்னால் நடுங்கவும் வேண்டாம். அது ஒரு சாட்சி. வழக்கிற் பல சாட்சிகள் உண்டு. எல்லோரையும் விசாரித்த பின்னரே தீர்ப்புச் சொல்ல வேண்டும். அடுத்த தடவை வைத்தியசாலைக்குப் போகும்போது அறிக்கையுடன் உங்கள் கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எழுதத் தெரியாத அயலவருக்கு, பள்ளிக்கூடம் போகும் உங்கள் பிள்ளை எழுதிக்கொடுக்கட்டும்.